ஜெர்மனியா, செருமனியா, ஜேர்மனியா? விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கு ஓர் ஒப்பீடு

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு குழப்பம் வந்துவிடும். ஒருவர் ஹிரோஷிமா பற்றி நான்கு பத்தி எழுதிச் சேமிக்கிறார். மறுநாள் பார்த்தால் யாரோ ‘இரோசிமா’ என்று மாற்றியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் இன்னொருவர் பழையபடி ஆக்கியிருக்கிறார். உரையாடல் பக்கத்தில் ஒரு தரப்பு இலக்கண நூற்பாவையும் இன்னொரு தரப்பு இன்றைய நாளிதழையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கட்டுரையில் உள்ள எண்ணிக்கைகளுக்குச் சான்று உண்டா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. ‘சரி, நான் எந்த நடையில்தான் எழுதுவது?’ என்கிறார் எழுதியவர்.

தமிழுக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல இது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிர் பற்றிய கட்டுரைத் தலைப்பில் ‘எச்’ என்ற எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்து, 2011இல்தான் ஓய்ந்தது. ஓர் எழுத்துக்கே அந்தப் பாடு. நமக்கோ தமிழ்நாட்டுப் பாடநூல் ஒரு பக்கம், இலங்கைப் பாடநூல் ஒரு பக்கம், மலேசிய, சிங்கப்பூர் ஊடகங்கள் தனி, போதாக்குறைக்குக் கிரந்த வழக்கு, அதாவது ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளைப் பயன்படுத்துவதா என்ற கேள்வி வேறு. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்தில் அதை முன்னின்று வளர்த்த இ. மயூரநாதன் இலங்கைத் தமிழர். தமிழ்நாட்டிலிருந்து எழுதுவோர் பின்னர் பெருகினார்கள். 2017இல் கட்டுரை எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. இத்தனை கைகள் பட்டதால், ஒரே கட்டுரையின் முதல் பத்தி கிலோமீற்றரிலும் மூன்றாம் பத்தி கிலோமீட்டரிலும் ஓடுவதை இன்றும் பார்க்கலாம்.

வழிகள் என்று பார்த்தால் நான்கு. ஒன்று, கிரந்தம் தவிர்த்த ஒரே நடையைக் களஞ்சியம் முழுக்க வைத்துக்கொள்வது. இரண்டு, நாளிதழிலும் பாடநூலிலும் பரவலாக உள்ள வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. மூன்று, கட்டுரைப்பொருள் எந்த நாட்டோடு ஒட்டியதோ அந்த நாட்டுத் தமிழில் எழுதுவது. நான்கு, யாரும் எப்படியும் எழுதட்டும், வாசகரின் திரையில் மென்பொருள் மாற்றிக் காட்டட்டும் என்று விடுவது. என் கட்சி மூன்றாவது. அது சறுக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், தேடி வருகிறவர் கண்டடைவாரா என்பது. பத்தாம் வகுப்பு மாணவி தன் பாடநூலில் பார்த்த சொல்லைத்தான் தேடுபெட்டியில் தட்டுவாள். அந்த வடிவம் கட்டுரையில் எங்குமே இல்லை என்றால் அவளைப் பொறுத்தவரை கட்டுரையே இல்லை.

அடுத்தது சான்று. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்பது அடிப்படைக் கொள்கை. தகவலுக்குப் பொருந்தும் அந்த விதி சொல்லுக்கும் பொருந்தும். அச்சில் எங்கும் வராத ஒரு கலைச்சொல்லை நாமே உருவாக்கித் தலைப்பாக வைத்தால், அதை நான்கு இணையதளங்கள் நகலெடுக்கும். பிறகு அந்த நகல்களையே சான்றாகக் காட்டி ‘வழக்கில் இருக்கிறதே’ என்று ஒருவர் வாதாடுவார்.

மூன்றாவது, வேறு நாட்டுத் தமிழர் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வாரா என்பது. புரியாத சொல்லைப் பார்த்தால் வாசகர் நின்று தேடுவார். தப்பாகப் புரிகிற சொல்லில் அவர் நிற்கவே மாட்டார். ஆபத்து அங்கேதான்.

நான்காவது, பராமரிப்பு. பகுப்பு (ஒரே வகைக் கட்டுரைகளின் தொகுப்பு), வார்ப்புரு (பல பக்கங்களில் செருகும் ஆயத்தப் பெட்டி), உள்ளிணைப்பு, தானியங்கி (தானாகத் திருத்தம் செய்யும் நிரல்) எல்லாமே எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் வேலை செய்யும். கடைசியாக, பலரும் பேசாத ஒன்று: எழுதியவர் திரும்பி வருவாரா? எழுத்துக்கூட்டலுக்காகத் திருத்தப்பட்டவர் திரும்பி வராமல் போனால், அவர் எழுதியிருக்கக்கூடிய கட்டுரைகளையும் சேர்த்தே இழக்கிறோம்.

மொழித்தூய்மையைப் பட்டியலில் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். தூய்மையை விரும்புகிறவர் தன் கட்டுரையில் தாராளமாகப் பேணலாம். அடுத்தவர் கட்டுரையை மாற்ற அது மட்டும் போதுமான காரணமாகாது.

## கிரந்தம் தவிர்த்த ஒரே நடை

இதை வறட்டுப் பிடிவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் பழைய இலக்கணத்தைப் புரட்டியதில்லை. வடசொல்லை வடவெழுத்து நீக்கி எழுதுவது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. எந்த எழுத்து எப்படித் திரியும் என்று நன்னூல் விரித்துச் சொல்கிறது. கம்பனில் விபீஷணன் வீடணன், லக்ஷ்மணன் இலக்குவன். ர, ல முதலெழுத்தாக வராது என்ற மரபில்தான் உருசியா, உரோம், இலண்டன் எல்லாம் வருகின்றன.

நடைமுறை ஆதாயமும் உண்டு. ரஷ்யா, ரஷியா, ருஷ்யா, ருசியா என்று சிதறிக் கிடப்பதை ‘உருசியா’ என்று ஒன்றாக்கினால் இணைப்பு கொடுப்பவருக்கு வேலை மிச்சம். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் (யூனிகோடு) அதை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், பின்னால் சேர்க்கப்பட்ட ‘ஶ’ வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம்தான். மென்பொருளுக்கு அவை வெவ்வேறு. ஒருவர் கொடுத்த இணைப்பு, அப்படி ஒரு பக்கமே இல்லை என்பதுபோலச் சிவப்பாகவே நிற்கும், ஏன் என்று மணிக்கணக்கில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ‘திரு’ என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவு. ஹவாய்த் தீவுகளை ‘அவாய்’ என்றால் ஆசைத் தீவுகள் ஆகிவிடுகின்றன. ஹென்றி ‘என்றி’ ஆனால், வாக்கியத்தின் நடுவில் அதைப் பெயர் என்று கண்டுகொள்ளவே ஒரு நொடி ஆகும். ச என்ற ஓர் எழுத்து ச, ஜ, ஷ, ஸ நான்குக்கும் நிற்பதால், கிரந்தத்திலிருந்து இந்தப் பக்கம் வருவது எளிது, திரும்பிப் போக வழி கிடையாது. ‘சான்’ என்று இருந்தால் அது ஜானா, ஷானா, சானா? பழகிய பெயர் என்றால் ஊகிக்கலாம். போலந்து நாட்டுக் கணித அறிஞர் ஒருவரின் பெயராக இருந்தால் ஊகிக்கவும் முடியாது.

இன்னொரு சிக்கல், விதி முதல் நாளே ஓட்டை போடத் தொடங்கிவிடும். ஜெயலலிதா தன் பெயரை எப்படி எழுதினாரோ அப்படித்தான் தமிழ் விக்கிப்பீடியாவிலும் தலைப்பு. மு. க. ஸ்டாலினுக்கும் அப்படியே. சரியான முடிவுதான், ஒருவருடைய பெயர் அவருடையது. ஆனால் சோவியத் தலைவரின் நினைவாகத்தான் 1953இல் அவருக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. விதியைக் கண்டிப்பாகப் பிடித்தால் பெயர் தந்தவர் ‘இசுடாலின்’, பெயர் பெற்றவர் ‘ஸ்டாலின்’ என்று ஒரே கட்டுரையில் எழுத வேண்டியிருக்கும். இதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

இந்த நடைதான் சரி என்கிற இடங்களும் உண்டு. முதலாவது, மாதப் பெயர்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரி, ஜூன், அக்டோபர். இலங்கையில் பெப்ரவரி, யூன், ஒக்டோபர். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் தனிப்பக்கம் இருக்கும் களஞ்சியத்தில் இதை ஆளுக்கொரு விதமாக எழுத முடியாது. சனவரி, சூன், சூலை, திசம்பர் என்று ஏற்கெனவே நாட்பக்கங்கள் அமைந்துவிட்டன. பிடிக்கிறதோ இல்லையோ, இணைப்பு கொடுக்கும்போது அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, இலக்கியம், பழைய வரலாறு. மணிமேகலை பற்றி எழுதும்போது ‘சாவகம்’ என்பதை மாற்றி ‘ஜாவா’ என்று போடுவது கட்டுரையைக் கெடுக்கும். மூன்றாவது, தமிழில் வேரூன்றிய பெயர்கள். இயேசு என்ற வடிவத்தை இனி யாரும் மாற்றப் போவதில்லை.

## நாளிதழ், பாடநூல் வழக்கு

தேடலில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜெர்மனி என்று தட்டுகிறவருக்கு ஜெர்மனியே கிடைக்கும். புதியவருக்கும் ஏற்கெனவே தெரிந்த தமிழ், பயிற்சி வேண்டியதில்லை.

ஆனால் எந்த ஊர் நாளிதழ்? சென்னையில் ஜெர்மனி, யாழ்ப்பாணத்தில் ஜேர்மனி. சென்னைக்குள்ளேயே ரஷ்யா எழுதும் பத்திரிகையும் உண்டு, ரஷியா எழுதும் பத்திரிகையும் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அங்குள்ளதையே ‘பரவலான வழக்கு’ என்று அறிவித்துவிடலாம்தான். அப்படி அறிவித்தால், தொடக்க காலத்தில் பாடுபட்டு எழுதியவர்களின் தமிழை அவர்கள் கட்டுரைகளிலிருந்தே துடைக்க வேண்டிவரும்.

பாடநூலும் நிலையாக நிற்பதில்லை. தாத்தா படித்தது பிராணவாயு, பேத்தி படிப்பது ஆக்சிஜன், நடுவில் ஒரு தலைமுறைக்கு உயிர்வளி. இலங்கையில் படித்தவருக்கு ஒட்சிசன். நான்கும் அச்சான சொற்கள், நான்குக்கும் சான்று காட்டலாம்.

இதைவிடப் பெரிய செலவு வேறொன்று. நாளிதழிலிருந்து எழுத்துக்கூட்டலை எடுக்கப் போனவர் நாளிதழ் நடையையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுவார். ‘அதிரடி வெற்றி’, ‘மாபெரும் சாதனை’, ‘இயற்கை எய்தினார்’, ‘பத்மஸ்ரீ கலைமாமணி டாக்டர்’ எல்லாம் கட்டுரைக்குள் நுழையும். திரைப்படக் கட்டுரைகளில் ‘ரிலீஸ்’ ஆகாத படமே இல்லை. எழுத்துக்கூட்டலைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. இந்தத் தொனியைக் களைவதற்குக் கட்டுரையையே திரும்ப எழுத வேண்டும்.

வாழும் மனிதர்கள், கிரிக்கெட், திரைப்படம், வணிகப் பெயர்கள், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு இதுவே மேல். ஒரு நடிகை தன் படத்தின் பெயர்ப்பட்டியலில் எப்படி எழுதப்படுகிறாரோ அப்படியே எழுதுங்கள். அங்கே இலக்கணத்துக்கு வேலை இல்லை.

## பொருளுக்குரிய நாட்டு வழக்கு

ஆங்கில விக்கிப்பீடியா தன் அமெரிக்க–பிரிட்டன் சண்டையை இப்படித்தான் அடக்கி வைத்திருக்கிறது. ஒரு நாட்டோடு அழுத்தமாக ஒட்டிய பொருளுக்கு அந்நாட்டு ஆங்கிலம். எந்த நாட்டோடும் ஒட்டாத பொருளுக்கு, கட்டுரை ஏற்கெனவே எந்த வழக்கில் நிலைபெற்றதோ அதுவே. ஒரு கட்டுரைக்குள் கலக்கக் கூடாது. வலுவான காரணம் இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் கூடாது.

தமிழில் இது ஏன் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்றால், நம்முடைய வேறுபாடு எழுத்துக்கூட்டலோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்காரர் ‘கல்லூரி’ என்றதும் பி.ஏ., பி.எஸ்சி. என்று நினைத்துக்கொள்வார். அது பள்ளிக்கூடம். மாணவர்கள் அங்கே க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்ற பள்ளிப் பொதுத்தேர்வுகளை எழுதுகிறார்கள். இலங்கையில் பழைய பெரிய பாடசாலைகள் பலவற்றுக்குக் கல்லூரி என்றே பெயர். இது தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு ‘கலை அறிவியல் கல்லூரிகள்’ பகுப்பில் சேர்த்துவிட்டால், பட்டியல், வரைபடம், புள்ளிவிவரம் எல்லாவற்றிலும் அந்தப் பிழை ஏறிக்கொள்ளும். பெயரை மாற்றவும் முடியாது, அது நிறுவனத்தின் பெயர். முதல் வரியிலேயே ‘யாழ்ப்பாணத்தில் உள்ள ஆண்கள் பாடசாலை’ என்று எழுதினால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நிர்வாகச் சொற்களில் இது இன்னும் கூர்மையாகும். இலங்கையில் மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர், அதற்குக் கீழே பிரதேச செயலாளர் பிரிவு, அதற்கும் கீழே கிராம அலுவலர் பிரிவு. இவற்றை மாவட்ட ஆட்சியர், வட்டம், வருவாய்க் கிராமம் என்று ‘தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியும்படி’ மாற்றினால், அங்கே இல்லாத பதவிகளையும் அலகுகளையும் உண்டாக்கியவர்கள் ஆவோம். நகர சபையை நகராட்சி ஆக்குவதும் அப்படித்தான். இலங்கைக்குப் பாராளுமன்றம், இந்தியாவுக்கு நாடாளுமன்றம். இரண்டும் கட்டுரைகளில் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

மலேசியாவுக்குப் போனால் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கும். பேராக்கில் மாநில அரசின் தலைவர் மந்திரி பெசார், பினாங்கில் முதலமைச்சர். அங்குள்ள தமிழ் ஊடகங்கள் இப்படிப் பிரித்தேதான் எழுதுகின்றன. சுல்தான் முதலிய பரம்பரை ஆட்சியாளர் உள்ள மாநிலத்துக்கு ஒரு பதவிப்பெயர், இல்லாத மாநிலத்துக்கு வேறொன்று என்பது அந்நாட்டு அமைப்பு. ‘மந்திரி பெசார் என்ன தமிழா?’ என்று எல்லாவற்றையும் முதலமைச்சர் ஆக்கினால் கட்டுரையிலிருந்து ஓர் அரசமைப்புத் தகவல் காணாமல் போகிறது.

சறுக்கும் இடங்களுக்கு வருவோம். டொராண்டோ எந்த நாட்டுப் பொருள்? கனடா. சரி, கனடாவுக்கு என்ன தமிழ்? அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போனவர்கள். ஆங்கில ட-ஒலியை ர, ற கொண்டு எழுதும் இலங்கை மரபில், அந்நகரத்துத் தமிழ் ஏடுகள் ‘ரொறன்ரோ’ என்கின்றன. உள்ளூர்த் தமிழர் எழுதும் வடிவத்துக்கே முன்னுரிமை என்று நான் சொல்வேன். மதுரைக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ‘இது எந்த ஊர்?’ என்று கேட்பார் என்பதும் தெரியும்.

இதன் மறைமுகச் செலவு பகுப்புகளில்தான் விழும். ‘பாடசாலைகள்’, ‘பள்ளிகள்’ என்று இரண்டு மரம் வளரும். யாராவது உட்கார்ந்து இலங்கைப் பாடசாலைகளைப் பள்ளிகளுக்கான தாய்ப்பகுப்புக்குக் கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும். சரிபார்ப்பவருக்கும் சுமை கூடும். கோயம்புத்தூரில் இருப்பவருக்குப் ‘பற்றீரியா’ (பாக்டீரியா) தட்டச்சுப் பிழைபோலத் தெரியும். திருத்திவிடுவார், பாவம், உதவுவதாக நினைத்துக்கொண்டு. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ‘இது இலங்கை வழக்கில் எழுதப்பட்டது’ என்று ஒரு வரி போட்டுவைத்தால் பாதித் திருத்தங்கள் நின்றுவிடும்.

அறிவியல் கட்டுரைகளில்தான் இந்த வழி திணறுகிறது. நைட்ரஜனுக்கு நாடு கிடையாது. முதலில் எழுதியவர் வழக்கே நிற்கட்டும் என்றால், ஹைட்ரஜன் கட்டுரை ஒரு வழக்கிலும் நீர் பற்றிய கட்டுரை இன்னொன்றிலும் இருக்கும், தனிம அட்டவணை வார்ப்புரு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இங்கே மட்டும் முதல் வழிக்குத் திரும்புவதுதான் நடைமுறை: ஒரு தனிமத்துக்கு ஒரு பெயர் என்று துறை முழுவதற்கும் பேசி முடிவு செய்து, மற்ற வடிவங்களை முதல் வரியில் கொடுத்துவிடுவது.

## மென்பொருளே மாற்றட்டும் என்றால்

சீன விக்கிப்பீடியா இதைச் செய்கிறது. எளிய எழுத்து, மரபு எழுத்து இரண்டில் எதில் எழுதினாலும் வாசகர் விரும்பியதில் படிக்கலாம். சீனா, தைவான், ஆங்காங், சிங்கப்பூர் எனப் பகுதிக்கேற்பச் சில சொற்களையும் அது மாற்றித் தருகிறது. செர்பிய விக்கிப்பீடியா சிரில்லிக், இலத்தீன் இரண்டிலும் காட்டுகிறது. அங்கே எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய நேர்ப்பொருத்தம் இருப்பதால் அது கைகூடுகிறது.

தமிழில் ஜ-வை ச ஆக்க நிரல் எழுதலாம். ச-வை ஜ ஆக்கப் போனால் சப்பான் ஜப்பான் ஆகும், சப்பாத்தியும் ‘ஜப்பாத்தி’ ஆகும். சொற்பட்டியல் வைத்து மாற்றலாம் என்றால் விகுதி குறுக்கே நிற்கும். காவல்துறைக்குப் பொலிஸ் என்று பட்டியலில் போட்டுவிட்டு, ‘காவல்துறையினர்’ வரும் இடத்தில் என்ன செய்வது? அங்கே வேண்டியது ‘பொலிஸார்’. வேற்றுமை உருபு, சந்தி, வலிமிகுதல் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். நிரலாளர் குழு ஒன்று ஊதியத்தோடு உட்கார்ந்தால் முடியலாம். தன்னார்வலர்களை நம்பி இன்றைக்கு இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

நார்வேக்காரர்கள்போல இரண்டாகப் பிரிந்துவிடலாமே என்று எப்போதாவது ஒருவர் சொல்வார். அங்கே நீநொர்ஸ்க் எழுத்துமொழிக்கு 2004இல் தனி விக்கிப்பீடியா வந்தது. நீநொர்ஸ்க்கும் அங்குள்ள மற்றொன்றான பூக்மோலும் பள்ளியில் தனித்தனியே கற்பிக்கப்படும், அரசு ஏற்ற இரண்டு எழுத்துமொழிகள். கிலோமீற்றருக்கும் கிலோமீட்டருக்கும் இடையே அத்தனை தூரம் இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிரந்தம் தவிர்த்த ஒரே நடை | நாளிதழ், பாடநூல் வழக்கு | பொருளுக்குரிய நாட்டு வழக்கு | மென்பொருள் மாற்றம் |
|---|---|---|---|---|
| தேடிக் கண்டடைதல் | வழிமாற்று (வேறு வடிவத்தைத் தேடுவோரைக் கட்டுரைக்கு அனுப்பும் பக்கம்) இல்லாவிட்டால் கடினம் | மிக எளிது | அந்நாட்டாருக்கு எளிது | எளிது |
| சான்றோடு பொருத்தம் | இலக்கியத்தில் உண்டு, புதுப்பெயர்களில் குறைவு | உண்டு | உண்டு | பொருந்தாது |
| தப்பான புரிதல் | ஒலி மயங்கும் | அயல்நாட்டுப் பதவி, நிறுவனங்களில் நேரும் | முதல் வரி விளக்கம் இருந்தால் குறைவு | விகுதிப் பிழைகள் |
| பராமரிப்பு | குறைவு | நடுத்தரம் | பகுப்புகளில் அதிகம் | மிக அதிகம் |
| புதியவருக்கு | பழக வேண்டும் | இயல்பு | இயல்பு | இயல்பு |
| எங்கே மேல் | மாதம், வார்ப்புரு, தனிமங்கள், பழைய இலக்கியம் | வாழும் மனிதர், திரைப்படம், விளையாட்டு | ஊர், நிறுவனம், நிர்வாகம், அரசியல் | இப்போதைக்கு எங்கும் இல்லை |

## வழிமாற்று எவ்வளவு தாங்கும்

‘எப்படி வேண்டுமானாலும் தலைப்பு வைக்கலாம், மற்றவற்றுக்கு வழிமாற்று போட்டால் போதும்’ என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஔவையார் கட்டுரைக்கு ‘ஒளவையார்’ என்று ஒரு வழிமாற்று கட்டாயம் வேண்டும். முதலெழுத்தை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாக அடிக்காமல் ஒ, ள என்று இரண்டாக அடிப்பவர்கள் ஏராளம். பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தேடினால் வராது. இப்படிப்பட்ட இடத்தில் வழிமாற்று தங்கம்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வழிமாற்றிலிருந்து இன்னொரு வழிமாற்றுக்கு மென்பொருள் தாவாது, இடையில் நின்றுவிடும். கட்டுரையை இரண்டு தடவை நகர்த்தினால் பழைய வழிமாற்றுகளை யாராவது சரிசெய்தாக வேண்டும். பகுப்புக்கு வழிமாற்று போட்டாலும் பழைய பெயரில் உள்ள கட்டுரைகள் தாமாகப் புதிய பகுப்புக்குப் போய்விடாது. எனவே, தலைப்பில் தாராளமாக இருங்கள், பகுப்பிலும் வார்ப்புருவிலும் கறாராக இருங்கள். விக்கித்தரவில் (எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளம்) அந்த உருப்படியின் மாற்றுப்பெயர் கட்டத்தில் மற்ற வடிவங்களையும் போட்டு வையுங்கள், செலவில்லாத வேலை.

முதல் வாக்கியத்தைப் பலரும் வீணாக்குகிறார்கள். வைரஸ், வைரசு, தீநுண்மி, நச்சுயிரி என்று நான்கு வடிவம் இருந்தால், தலைப்பில் உள்ளதைத் தவிர வழக்கில் உள்ள மற்ற இரண்டையாவது முதல் வாக்கியத்திலேயே தடித்த எழுத்தில் கொடுக்கலாம். தேடுபொறிக்கும் அது தெரியும், தலைப்பைப் பார்த்துத் திகைத்த வாசகருக்கும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரியும். அதற்குப் பிறகு கட்டுரை முழுக்க ஒரே வடிவம்.

## கூடவே வரும் இரண்டு சில்லறைக் கேள்விகள்

‘பிறந்தாரா, பிறந்தானா?’ மனிதர் எவரானாலும் -ஆர் போடுவதுதான் நல்லது, கொலைக்குற்றவாளிக்கும் சேர்த்து. கேட்கச் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லை என்று நாம் முடிவெடுக்க ஆரம்பித்தால் நடுநிலை போயிற்று. -ஆர் இங்கே மரியாதையைக் காட்டவில்லை, பொதுவான வினைமுற்றாக நிற்கிறது, அவ்வளவுதான். இராவணனும் நாவல் பாத்திரங்களும் -ஆன் ஏற்கலாம், அந்த மரபு படைப்பிலேயே இருக்கிறது. ‘அவர்கள்’, ‘அன்னார்’, ‘ஐயா’ எதுவும் வேண்டாம்.

இலட்சமா, மில்லியனா? இந்திய வரவுசெலவுக் கணக்கை மில்லியனில் எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் மனக்கணக்குப் போட வேண்டும். இலங்கைப் புள்ளிவிவரம் மில்லியனில் வந்திருந்தால் அதை இலட்சமாக்கும்போது பூச்சியம் தவறுகிறது. மூலத்தில் உள்ள அலகிலேயே விட்டுவிடுங்கள். காற்புள்ளி மட்டும் ஒரு கட்டுரைக்குள் ஒரே முறையில் இருக்கட்டும், 1,00,000 என்றால் கடைசி வரை அப்படியே.

## ஏற்கெனவே வேறு நடையில் இருந்தால்

உங்களுக்குப் பிடிக்காத வடிவத்தில் ஒரு தலைப்பைப் பார்த்தால், ‘நகர்த்து’ பொத்தானுக்குப் போகும் முன் பக்க வரலாற்றைத் திறந்து பாருங்கள். முன்பே இரண்டு தடவை நகர்த்தப்பட்டிருந்தால் அங்கே ஓர் உரையாடல் நடந்திருக்கும். அதைப் படிக்காமல் மூன்றாவது தடவை நகர்த்துவது வம்பை விலைக்கு வாங்குவது. உரையாடல் ஏதும் இல்லையென்றால், உங்கள் வடிவத்துக்கு அச்சில் உள்ள சான்று இரண்டைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி போட்டுவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். கட்டுரை ஒன்றோடு நிற்காமல் துறை முழுவதையும் தொடும் மாற்றமானால் ஆலமரத்தடியில் (எல்லோருக்கும் பொதுவான உரையாடல் பக்கம்) கேளுங்கள். எவரும் மறுக்காவிட்டால் நகர்த்தலாம். நகர்த்திய கையோடு ‘இப்பக்கத்தை இணைத்தவை’ பட்டியலைத் திறந்து, பழைய பெயருக்குப் போகும் வார்ப்புரு இணைப்புகளை மாற்றிவிட்டு எழுந்திருங்கள். அந்த வாரக் காத்திருப்பில் கட்டுரையின் சான்றில்லாத வரிகளுக்குச் சான்று தேடலாம். பெரும்பாலான கட்டுரைகளுக்கு எழுத்துக்கூட்டலைவிட அதுதான் அவசரத் தேவை.